பசுமையின் பெயரால்

2021ஆம் ஆண்டிலே நம் நாட்டில் விதிக்கப்பட்ட பசளைத் தடையைப் பற்றி இன்று இரண்டு கட்சிகள் வழக்காடுகின்றன. "சேதனப் பசளை என்னும் பித்தந்தான் நாட்டைப் பட்டினிக்குள் தள்ளியது; ஆகவே மண்ணைப் பற்றியும் காலநிலையைப் பற்றியும் பேசுவோர் இனி வாய் மூடியிருத்தல் நன்று" என்பது ஒரு கட்சி. "நோக்கம் உயர்ந்தது, உழவருக்கு அதன் அருமை விளங்கவில்லை, அதிகாரிகளும் ஒத்துழைக்கவில்லை" என்பது மற்றக் கட்சி. முன்னதைப் பசளை வணிகரும் அவரைச் சார்ந்தோரும் உரக்கச் சொல்கின்றனர். பின்னதை, சேற்றில் ஒரு நாளும் கால் வையாத, ஆனால் பசுமை என்ற சொல்லைக் கேட்டவுடனே உள்ளம் உருகுகின்ற கனவான்கள் சொல்கின்றனர். இரண்டும் பிழை என்பதே நமது கருத்து. ஒரு விடயத்தில் மட்டும் இரு கட்சியாரும் ஒன்றுபட்டு நிற்கின்றனர்: நிலத்தில் நின்று உழைப்பவனைக் கேளாமலே அவனது நிலத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறலாம் என்பதிலே.

பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியம் கற்பிப்போருக்கு யூரியாவோடு என்ன உறவு என்று சிலர் நகைக்கக்கூடும். 2022ஆம் ஆண்டிலே வெறுந்தேநீரைக் குடித்துவிட்டுப் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளின் முகங்களைப் பார்த்த எந்த ஆசிரியரும் அவ்வாறு நகைக்க மாட்டார். நிலமும் நீரும் கூடிய இடத்திலேதான் உணவு பிறக்கின்றது, அவ்விரண்டையும் கூட்டி வைப்பது ஆள்வோன் கடமை என்று சங்க காலத்திலேயே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எடுத்துரைத்தார். அந்த மரபில் வந்தோர் சோற்றைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை. இன்று நிலத்தோடும் நீரோடும் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துவிட்டது. அதுவே எரிசக்தி. எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, மின்சாரம் என்று பல வடிவிலே அது நம் வயலுக்குள் நுழைந்திருக்கின்றது. அதனைக் காணாத கண்ணுக்குப் பசளைத் தடை ஏன் தோற்றது என்பதும் விளங்காது. மழை ஏன் மாறாட்டம் செய்கின்றது என்பதும் விளங்காது.

நடந்ததை முதலில் நினைவு கூர்வோம். 2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் கோத்தாபய ராஜபக்ஷ முன்வைத்த 'சுபீட்சத்தின் நோக்கு' என்னும் விஞ்ஞாபனம், பத்தாண்டு காலத்தில் நாட்டின் வேளாண்மையைச் சேதனப் பசளைக்கு மாற்றுவதாகக் கூறிற்று. பத்தாண்டு என்று சொல்லப்பட்டது, 2021 ஏப்ரலிலே உடனடி என்றாயிற்று. மே மாதம் 6ஆம் திகதி வர்த்தமானி வெளிவந்தது. இரசாயனப் பசளையும் பூச்சிகொல்லியும் களைகொல்லியும் இறக்குமதி செய்யத் தடை பிறந்தது. நமது அயலில் உள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய அறிஞர்கள் விளைச்சல் வீழும் என்று எச்சரித்தனர். எச்சரித்த பேராசிரியர் ஒருவர் அமைச்சின் குழுக்களிலிருந்து விலக்கப்பட்டதே அவ்வெச்சரிக்கைக்குக் கிடைத்த விடை. அவ்வாண்டின் இறுதியில் கிளாஸ்கோ நகரிலே உலகக் காலநிலை மாநாடு கூடிய போது, இத்தடை உலகுக்கே வழிகாட்டும் செயலாக எடுத்துரைக்கப்பட்டது. அதே வேளையில் இங்கே உழவர்கள் வயலை விட்டு வீதிக்கு வந்து நின்றனர். சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீங்கு தரும் பற்றீரியாக்கள் உள்ளன என்று நம் அதிகாரிகள் அதனை ஏற்க மறுத்தனர். ஏற்காத அந்தப் பசளைக்காக 2022 ஜனவரியில் இலட்சக்கணக்கான டொலர் கொடுத்துத் தீர்த்தோம். நவம்பரிலேயே தடை தளர்ந்துவிட்டது. ஆனால் பெரும்போகம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

2021இல் 51 இலட்சம் தொன் அளவில் இருந்த நெல் உற்பத்தி 2022இல் 34 இலட்சம் தொன் அளவுக்கு வீழ்ந்தது. பசளையின்மையோடு எரிபொருளின்மையும் சேர்ந்தே இவ்வீழ்ச்சியை உண்டாக்கிற்று. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்ற அறிவிப்பு. செப்டெம்பரிலே கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் 94.9 வீதம் ஏறிற்று. போதிய உணவு உறுதியில்லாதோர் 63 இலட்சம் பேர் என்று ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் மதிப்பிட்டன. பசளை வாங்க டொலர் இல்லை என்ற உண்மையை மறைக்கப் பசுமை ஒரு போர்வையாக உதவிற்று என்றே நாம் கருதுகின்றோம். வறுமையைத் தவமென்று பெயரிட்டு வறியவனுக்கே உபதேசிப்பது ஆள்வோருக்குப் புதிய வித்தையன்று.

தடை ஏன் தோற்றது? உழவரின் பிடிவாதத்தாலா? நமது வகுப்பறையில் ஒரு மாணவன் செய்யக்கூடிய கணக்கைக்கூட அரசு செய்து பார்க்கவில்லை என்பதே காரணம். ஐம்பது கிலோ யூரியா மூட்டையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கே நைதரசன். ஆகவே ஒரு மூட்டை யூரியாவின் வேலையை ஏறத்தாழ ஒன்றரைத் தொன் கூட்டெரு செய்ய வேண்டும். ஒரு ஹெக்டேர் வயலுக்கு நான்கு மூட்டை என்று கொண்டால் ஆறு தொன். பெரும்போகத்தில் விதைக்கப்படும் 7 இலட்சம் ஹெக்டேருக்கு 42 இலட்சம் தொன். நாடு ஓராண்டு முழுவதும் விளைவிக்கும் நெல்லின் நிறைக்குச் சற்றே குறைந்த எருவை, ஒரு போகத்திற்கு முன், சில மாதங்களுள் எங்கே ஆக்குவது? எந்த லொறியில் ஏற்றுவது? அந்த லொறிக்கு டீசல் எங்கே? யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது பழமொழி. இங்கே சோளப்பொரியும் வந்து சேரவில்லை.

இக்கணக்கின் அடியிலே ஓர் உண்மை கிடக்கின்றது. யூரியா என்பது மூட்டையில் அடைத்த எரிசக்தி. காற்றிலுள்ள நைதரசனை, இயற்கை எரிவாயுவிலிருந்து பெற்ற ஐதரசனோடு, மிகுந்த வெப்பத்திலும் அமுக்கத்திலும் சேர்த்து அமோனியா ஆக்குகின்றார்கள். அதிலிருந்து யூரியா பிறக்கின்றது. சீனாவிலே இதற்கு நிலக்கரியையே பெரிதும் எரிக்கின்றார்கள். நமது தந்தையர் காலத்திலே பத்தலகொடையில் உருவாகிய புதிய நெல்லினங்கள் இந்த எரிசக்தியை உண்டே விளைச்சல் தந்தன. அவ்வினங்கள் பட்டினியைப் போக்கின என்பதை நன்றியோடு ஏற்கிறோம். ஆனால், பசளை உண்டு பழகிய நெல்லுக்கு ஒரே நாளில் உணவை நிறுத்துவது கொலைக்கு ஒப்பாகும்.

இதைக் கேட்டு முதற் கட்சியார் மகிழ வேண்டாம். "பழையபடி மூட்டை மூட்டையாகக் கொட்டுங்கள்" என்று அவர்கள் சொல்லும் அறிவுரையும் உழவனைக் கடனாளியாக்கும் அறிவுரையே. இடும் நைதரசனில் ஏறத்தாழப் பாதியே பயிருக்குச் சேர்கின்றது. மற்றது நீரில் கரைந்து ஓடுகின்றது. ஒரு பங்கு நைதரசு ஒட்சைட்டு வாயுவாகி வானேறுகின்றது. நூறாண்டுக் கணக்கில் அவ்வாயு, நிறைக்கு நிறை, காபனீரொட்சைட்டைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கவல்லது. நீர் நின்ற வயலிலிருந்து மீதேன் எழுகின்றது. உழுதல், அறுத்தல், அரைத்தல், ஏற்றுதல், சமைத்தல் அனைத்தையும் கூட்டினால், மனிதர் உலகெங்கும் வெளிவிடும் வெப்ப வாயுக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உணவைச் சார்ந்தது. மேலும், 2022 பெப்ரவரியில் உக்ரைனிலே போர் மூண்ட போது எரிவாயு விலை ஏறிற்று; எரிவாயுவோடு யூரியா ஏறிற்று; யூரியாவோடு அரிசி ஏறிற்று. எங்கோ ஓரிடத்தில் திறக்கும் வாயுக் குழாயை நம்பி ஒரு நாட்டின் சோற்றுப் பானை இருக்குமாயின், அந்நாட்டுக்குச் சுதந்திரம் என்ற சொல் எதற்கு?

உணவினால் உலகம் சூடாகின்றது. சூடான உலகம் உணவைக் கெடுக்கின்றது. ஆனால் சூடாக்கியவர் ஒருவர், கெடுதியை உண்பவர் இன்னொருவர். இலங்கையர் ஒருவர் ஓராண்டில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஒரு தொன் அளவினது; அமெரிக்கர் ஒருவர் வெளிவிடுவது 12 தொன்னுக்கு மேல். இக்கணக்கின் சுமை நமது மலைநாட்டின் மேல் எவ்வாறு இறங்குகின்றது என்பதைப் பார்ப்போம்.

1840ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆட்சி ஒரு கட்டளைச் சட்டத்தினால் கண்டி நாட்டின் காடுகளையும் கிராமங்களின் மேட்டு நிலங்களையும் முடிக்குரியனவாக்கிற்று. கோப்பித் துரைமார் அவற்றை வாங்கினர். காடு வீழ்ந்தது. 1869இல் தோன்றிய இலை நோயினால் கோப்பி மடிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளர் மலைகளை வெட்டித் தோட்டமாக்கினர். அவர்களுக்கு அரிசி கடல் கடந்து வந்தது. தன் மண்ணில் ஏற்றுமதிப் பயிரும் தன் பானையில் இறக்குமதி அரிசியுமாக ஒரு நாடு அமைக்கப்பட்டது. காட்டை இழந்த சரிவு மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஆற்றலையும் இழந்தது.

காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடுகின்றது. அந்நீர் மொத்தமாய் இறங்கும் போது, வேரிழந்த சரிவு என்ன செய்யும்? 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா சூறாவளி அதற்கு விடை சொல்லிற்று. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நமது கண்டி மாவட்டமே மிகுந்த உயிர்களைப் பறிகொடுத்தது. தனியொரு சூறாவளிக்கு முழுக் காரணமும் உலக வெப்பமே என்று நாம் கூறவில்லை. மழையைக் கனப்படுத்தியது வெப்பம். மலையை மெலியச் செய்தது இலாபம். சரிவின் அடியிலே குடியிருக்கச் செய்தது வறுமை. மூன்றும் கூடிய இடத்திலே மரணம் நேர்ந்தது. இதனை விதியென்று சொல்லி அனுதாபக் கூட்டம் போட்டுக் கலைவோர், அம்மூன்றையும் அடுத்த மழை வரைக்கும் பத்திரமாகப் பாதுகாக்கின்றனர்.

மலையில் விழுந்த அம்மழைநீர் எங்கே செல்கின்றது என்று தொடர்ந்தால், நமது அக்குறணையிலேயே இக்கட்டுரையின் பொருள் முழுவதையும் காணலாம். ஊரின் ஓரமாய்ப் பிங்கா ஓயா ஓடுகின்றது. அண்மை ஆண்டுகளில் பலமுறை அது கடைத்தெருவுக்குள் புகுந்து, மூட்டைகளையும் துணிகளையும் மிதக்கவிட்டிருக்கின்றது. ஓயாவுக்கு ஒதுக்கிய நிலத்தில் கட்டடங்கள் எழுந்துள்ளன. வெள்ளத்தை வாங்கித் தாங்கிய தாழ்ந்த வயல்கள் மண்ணால் நிரப்பப்பட்டுக் காணித் துண்டுகளாய் விலை போயின. வயலை இழந்த ஊர், சோற்றை மட்டுமன்றி வெள்ளத்தைத் தாங்கும் ஏனத்தையும் இழந்தது. ஒவ்வொரு வெள்ளத்தின் பின்பும் அரசைக் குறை கூறும் செல்வந்தர், ஓயாவின் கரையை ஒரு அடி நகர்த்தித் தூண் நிறுத்தியவர் யார் என்பதையும் சற்றே கூறுவார்களாக!

பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டைக்கு அருகில் மகாவலியில் கலக்கின்றது. சிறிது கீழே பொல்கொல்லையில் 1976ஆம் ஆண்டு முதல் மகாவலி மறிக்கப்பட்டு, ஒரு பகுதி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குச் செல்கின்றது. அங்கே 40 மெகாவாட் அளவான மின்னிலையத்தைச் சுழற்றிவிட்டுப் போவதென்னையை அடைகின்றது. அங்கிருந்து ஒரு பங்கு கலாவாவிக்கும், மற்றது அம்பன் கங்கை வழியாக மின்னேரியா, கந்தளாய், பராக்கிரம சமுத்திரம் ஆகிய குளங்களுக்கும் செல்கின்றது. பொல்கொல்லையில் திருப்பாமல் விட்டால் அதே நீர் 210 மெகாவாட் வலுவுள்ள விக்டோரியாவை அடைந்து மிகுந்த மின்சாரம் தரும். ஆனால் வடக்கேயுள்ள வயல் வாடும். வயலா, விளக்கா என்ற வினா ஒவ்வொரு போகத்திலும் பொல்கொல்லையின் கதவடியிலே எழுகின்றது. மழை ஒழுங்காய்ப் பெய்த காலத்தில் இவ்வினா மெல்ல ஒலித்தது. வெள்ளமும் வரட்சியும் மாறி மாறி வரும் இக்காலத்தில் அது உரக்க ஒலிக்கின்றது. நீர் குறைந்தால் நுரைச்சோலையில் நிலக்கரி எரியும், எண்ணெய் எரியும், அப்புகை மறுபடி மழையைக் குழப்பும்.

2023ஆம் ஆண்டு சிறுபோகத்தில் உடவளவை உழவருக்கு இதுவே நேர்ந்தது. கதிர் கருகும் வேளையில் அவர்கள் சமனலவெவையிலிருந்து நீர் கேட்டனர். நீரை விட்டால் தென்பகுதியில் மின்சாரம் தடைப்படும் என்று மின்சார சபை மறுத்தது. உழவர் வீதியில் இறங்கிப் பல நாட்கள் போராடிய பின்னரே, ஆகஸ்டில், அமைச்சரவை நீரைத் திறக்க முடிவு செய்தது. அதற்குள் பல வயல்கள் கருகிவிட்டன. நீர் இல்லாமையைக் காட்டிலும் தீர்மானிக்கும் மேசையில் உழவனுக்கு உரிய இடம் இல்லாமையே அக்கதிர்களைக் கருக்கிற்று என்போம்.

ஒவ்வொரு நெருக்கடியிலும் தீர்மானிப்போர் ஒரு பக்கமும் விலை கொடுப்போர் மறுபக்கமும் நிற்பதை நமது வரலாறு பலமுறை கண்டிருக்கின்றது. 1953இல் திறைசேரியைக் காப்பதற்காக அரிசி மானியத்தை வெட்டி, 25 சதம் விற்ற ஒரு கொத்து அரிசியை 70 சதமாக்கினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். எழுபது ஆண்டு கழிந்தும் பாடம் படித்தாரில்லை. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் 75 வீதம் ஏறிற்று. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறிற்று. கட்டணம் ஏறிய போது குளிரூட்டிய மாளிகையில் ஒரு விளக்கு அணைந்திருக்கலாம். சிறிய அரிசியாலையிலோ வேலையே அணைந்தது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? பசளையைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ஆணையால் அன்று, அறிவால் குறைக்க வேண்டும். ஒவ்வொரு வயலின் மண்ணையும் சோதித்து, பயிர் வேண்டும் வேளையில் வேண்டும் அளவைப் பிரித்து இடுவதற்கு, வெட்டிக் குறைக்கப்பட்ட விவசாய விரிவாக்கச் சேவை மீண்டும் வயலுக்கு வர வேண்டும். நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே இருக்கின்றது. அதனைக் களத்தில் எரித்துவிட்டு வெளிநாட்டிலிருந்து பொட்டாசியம் வாங்கும் மடமை ஒழிய வேண்டும். நமது பகுதியில் மிளகுக் கொடிக்குத் தாங்கு மரமாக நடும் கிளிரிசிடியாவின் தழை நைதரசன் நிறைந்த பசளை; அதன் தடி அடுப்புக்கும் கொதிகலனுக்கும் விறகு. பலாவும் ஈரப்பலாவும், தென்னையும் கமுகும், மிளகும் கராம்பும் அடுக்கடுக்காய் வளரும் கண்டி வீட்டுத்தோட்டம் சரிவைக் கட்டிப் பிடிக்கின்றது, மழையை உறிஞ்சுகின்றது, பசிக்கு உணவும் தருகின்றது. 2022இலே பல வீடுகளின் உலையை ஏற்றியது பலாக்காயும் மரவள்ளியுமே என்பதை மறந்துவிடலாகாது.

வயலில் நீரை இடையிடையே வடித்துக் காயவிட்டால் மீதேனும் குறையும், நீரும் மிஞ்சும் என்பது விஞ்ஞானம். ஆனால் அடுத்த முறை வாய்க்காலில் நீர் எப்போது வரும் என்று அறியாத உழவன் எந்தத் துணிவில் நீரை வடிப்பான்? ஆகவே நீர் பங்கிடும் இடத்திலே உழவர் சங்கங்களுக்குப் பேச்சுரிமையும் வாக்குரிமையும் வேண்டும். தடையால் விளைச்சல் வீழ்ந்தால் இழப்பை யார் ஈடு செய்வார் என்பதைத் தடைக்கு முன்னரே சட்டமாக எழுதி வைக்க வேண்டும். வயலை நிரப்புவோரும் ஓயாவை நெருக்குவோரும், எவ்வளவு செல்வாக்குடையவராயினும், சட்டத்தின் முன் நிற்க வேண்டும். உலகைச் சூடாக்கிய செல்வ நாடுகள் நமக்குத் தர வேண்டியது வட்டிக்குக் கடன் அன்று, ஈடு. 2022இல் எகிப்திலே ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பு, சேத நிதியத்தை அவர்கள் தருமமாக எண்ணுகின்றனர். நாம் அதனை நிலுவையாகவே எண்ண வேண்டும்.

இவை கனவென்று சொல்வோருக்கு எப்பாவலையைக் காட்டுவோம். அங்குள்ள பொசுபேற்றுப் படிவத்தை வெளிநாட்டுக் கம்பனியொன்று அவசர அவசரமாகத் தோண்டிக்கொண்டு போக ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வீட்டையும் வயலையும் இழக்கும் நிலை. அங்குள்ள உழவர் உள்ளிட்ட குடிமக்கள் நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இயற்கை வளம் ஆள்வோரின் சொத்தன்று, வருங்காலத் தலைமுறைக்கும் உரிய நம்பிக்கைப் பொருள் என்று உணர்த்திற்று. அன்று அந்த உழவர் காத்தது தங்கள் வயலை மட்டுமன்று. நாட்டின் பசளைச் செல்வத்தையும் அவர்களே காத்தனர். பசுமையை மேடையில் பேசியவர்கள் நாட்டைப் பட்டினி போட்ட வரலாறும், பசுமை என்ற சொல்லையே உச்சரியாத உழவர் மண்ணைக் காத்த வரலாறும் நம் கண்முன்னே இருக்கின்றன.

எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் இவற்றுள் எதன் பக்கம் நிற்பது என்பதில் ஐயம் இருக்கலாகாது. உழவனை ஏழையென்று இரங்கிக் கவிதை பாடியது போதும். அவன் மண்ணை அறிந்தவன், கணக்கு அறிந்தவன், தீர்மானிக்க உரிமையுடையவன் என்று எழுத வேண்டிய காலம் இது. அடுத்த வர்த்தமானி அச்சாகும் முன்னர் அவனிடம் கேளுங்கள் என்று சொல்வதே நமது முதற் கோரிக்கை. கேளாமல் அச்சிடுவார்களாயின், 1953ஐ நினைவூட்டுவது நமது கடமை.